ஆறு பல்லும் ஏழு பல்லும்

வண்டி வேகம் எடுக்கவில்லை என்று ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பானட்டைத் தூக்கிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார்கள். பம்ப்பைப் பாருங்க, நாசிலைப் பாருங்க. அதெல்லாம் சரியாக இருந்தால், "டர்போ வெச்சுப் பார்க்கலாமுங்களா?" நான் பதில் சொல்லாமல் வண்டிக்குப் பின்னால் போய் ஆக்சிலுக்கு அடியில் குனிவேன். வயசாகிவிட்டது, ஆள் குழம்பிவிட்டார் என்று ஒரு டிரைவர் தன் கிளீனரிடம் என் காதுபடவே சொல்லியிருக்கிறார்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி மெக்கானிக்காக இருப்பவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. பாடி கட்டுகிறவர், ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர், பம்ப் பார்க்கிறவர் என்று ஆளுக்கொரு தொழில். என் தொழில் கியர்பாக்ஸும் ஆக்சிலும். எஞ்சின்காரருக்குக் கிடைக்கிற மரியாதை இந்த வேலைக்குக் கிடையாது. ஆனால் பழைய லாரி நெடுஞ்சாலையில் எவ்வளவு வேகம் போகும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் எங்கள் பக்கம்தான். பின் ஆக்சில் வீட்டுக்குள்ளே கிரௌன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள் கடித்துக்கொண்டிருக்கும் அந்தப் பல் கணக்கில்தான் அது இருக்கிறது.

கணக்கு ரொம்பச் சுலபம். எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, அதைப் பின் ஆக்சில் எத்தனையால் வகுக்கிறது, வகுத்து வந்த ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் எத்தனை மீட்டர் உருள்கிறது. இந்த மூன்றைத் தவிர வேறொன்றும் இல்லை. பழைய டாடாவின் ஐந்து கியர் பெட்டியில் டாப் கியர் நேர் கியர். எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் புரோப்பெல்லர் சாஃப்ட்டும் ஒரு சுற்று. ஆகவே டாப்பில் ஓடும்போது கியர்பாக்ஸைக் கணக்கிலிருந்தே விட்டுவிடலாம்.

எங்கள் பக்கம் அதிகம் வந்த டாடா ஆக்சிலில் பினியனுக்கு 6 பல், கிரௌனுக்கு 41. வகுத்தால் 6.83. எஞ்சின் 2400 சுற்றில் ஓடினால் சக்கரம் நிமிஷத்துக்கு 351 சுற்று. 10.00-20 டயர் சுமையோடு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். பெருக்கிப் பார்த்தால் மணிக்கு 67 கிலோமீட்டர். டிரைவர் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து 2800 வரை கொண்டுபோனால் 79. அந்தக் காலத்து 692, 697 எஞ்சின்களுக்குக் கவர்னர் அந்த 2800-ல்தான் கட்டும். அதற்கு மேல் மிதித்தாலும் பம்ப் டீசல் கொடுக்காது. 692 என்றால் 92 மில்லிமீட்டர் போர் உள்ள ஆறு சிலிண்டர், 697 என்றால் 97 மில்லிமீட்டர். பெயரிலேயே அளவு இருக்கும். இரண்டும் பென்ஸ் கூட்டிலிருந்து வந்த வம்சம். அடிக்க அடிக்கத் தாங்கும். ஆனால் 2800-ல் மணிக்கணக்கில் வைத்து ஓட்டினால் கேபினில் பேசுவது காதில் விழாது. டீசலும் தண்ணீராய்ப் போகும்.

இப்படி ஒரு மெதுவான ஆக்சிலை ஏன் கொடுத்தார்கள் என்று இளம் வயது ஓனர்கள் கேட்பார்கள். 1954-ல் டாடாவும் பென்ஸும் கைகோத்து இங்கே லாரி செய்ய ஆரம்பித்தபோது இருந்த ரோட்டை இந்த ஓனர்கள் பார்த்ததில்லை. மாட்டு வண்டியும் சைக்கிளும் எதிரில் வர, ஒற்றை ரோட்டில் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஒதுங்கிப் போன காலம் அது. 50-ஐத் தாண்டி ஓட்ட இடமே கிடையாது. பேப்பரில் 12 டன் என்று எழுதிய வண்டியில் அதற்கு மேல் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை அந்தப் பட்டைகளிடம்தான் கேட்க வேண்டும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு ஏறி மைசூர்ப் பக்கம் போக வேண்டிய வண்டிக்கு இழுவைதான் முக்கியம், வேகம் அல்ல. 6-க்கு 41 அந்த ரோட்டுக்குச் சரியான கணக்கு.

மாறியது ரோடுதான். சேலம் வழியாகப் போகும் வடக்கு-தெற்கு சாலையும், அதிலிருந்து பிரிந்து கொச்சிக்குப் போகும் கிளையும் நான்கு வழியானபோது, அதே பழைய 1210, 1612 டாடா லாரிகள் புது வண்டிகளின் நடுவில் மாட்டிக்கொண்டன. வலப்பக்கம் கார்கள் சீறிக்கொண்டு போகும். இடப்பக்கத்தில் எங்கள் வண்டி 60-ல் கத்திக்கொண்டு போகும். அப்போதுதான் இந்த 'வேகம் வேணுமுங்க' கோரிக்கை ஷெட்டுக்கு வர ஆரம்பித்தது.

முதலில் எல்லாரும் கை வைப்பது டயரில். 9.00-20 ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு 10.00-20 மாட்டினால் வண்டி பறக்கும் என்று ஒரு நம்பிக்கை. 9.00-20 டயரின் விட்டம் சுமார் 1020 மில்லிமீட்டர், 10.00-20-க்குச் சுமார் 1050. வித்தியாசம் நூற்றுக்கு மூன்று. 65-ல் போன வண்டி 67-ல் போகும், அவ்வளவுதான். புது லாரி டயரில் பூ ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அது வழவழவென்று தேயும்போது விட்டத்தில் 25 மில்லிமீட்டர் போய்விடும். ஆக, தேய்ந்த ஒன்பதைக் கழற்றிவிட்டுப் புது ஒன்பதையே மாட்டினாலும் கிட்டத்தட்ட அதே வேகம் கூடும். பத்தை மாட்டிவிட்டு "வண்டி இப்ப தனியா ஓடுதுங்ணா" என்று சொன்னவர்களில் பாதிப்பேர் புது டயரின் சுகத்தைத்தான் சொன்னார்கள் என்பது என் எண்ணம்.

அந்த இரண்டு கிலோமீட்டருக்குக் கொடுக்கும் விலை வேறு. ஒன்பதுக்கு 7.0 ரிம், பத்துக்கு 7.5 ரிம். பழைய ரிம்மிலேயே பத்தைத் திணித்தால் பின்னால் ஜோடி டயர்களுக்கு நடுவே இடைவெளி சுருங்கிவிடும். காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. லோடு ஏறி டயரின் பக்கவாட்டு புடைத்ததும் இரண்டும் உரச ஆரம்பிக்கும். ஒரு கூழாங்கல் நடுவில் சிக்கினால் போதும். முன்னால் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் எங்கே இடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமானது காசை மிச்சம் பிடிக்கப் பாதி மாற்றுவது. ஜோடியில் ஒன்று பத்து, இன்னொன்று ஒன்பது. அல்லது ஒன்று புதுசு, மற்றது ரீட்ரெட் செய்து தேய்ந்தது. இரண்டும் ஒரே ஹப்பில் இறுக்கப்பட்டவை, ஒரே சுற்றுதான் சுற்ற முடியும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் உருள வேண்டிய தூரம் வேறு. அதனால் சின்ன டயர் ரோட்டில் இழுபட்டே வரும், பெரியது மொத்தச் சுமையையும் தன் தலையில் வாங்கிச் சூடாகும். இந்த அளவு டயர்களில் ஜோடிக்குள் விட்டத்தில் 12 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது. அப்படி இருந்தே தீரும் என்றால் பெரியதை வெளிப்பக்கம் போட வேண்டும், ஏனென்றால் ரோடு நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். இடப்பக்கம் பத்தும் வலப்பக்கம் ஒன்பதுமாக ஓடிய ஒரு வண்டியும் வந்தது. நேர் ரோட்டில்கூட அதன் டிஃபரன்ஷியலுக்கு ஓய்வே இல்லை. வளைவில் மட்டும் உருள வேண்டிய ஸ்டார் பினியன்கள் நாளெல்லாம் உருண்டு, குறுக்குக் கம்பியில் நீலம் பூத்திருந்தது.

பிறகு டியூப்லெஸ் ரேடியல் வந்தது. 295/80 ஆர் 22.5 என்று பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் பார்த்து, இருபதிலிருந்து இருபத்திரண்டரைக்கு ஏறினால் வேகம் எகிறும் என்று நினைத்தவர்கள் உண்டு. அந்த எண் ரிம்மின் அளவு. ரிம் பெரிசானது, ரப்பரின் உயரம் குறைந்தது. மொத்த விட்டம் 1044 மில்லிமீட்டர்தான், நம் பழைய பத்துக்குச் சற்றே குறைவு. வேகம் ஒரு துளிகூடக் கூடாது. ஆனால் நைலான் டயரைவிட லேசாக உருளும், சூடு குறையும், டீசல் மிஞ்சும். அதற்காக மாட்டலாம்.

இரண்டாவது வழி, பம்ப் சீலை உடைத்துக் கவர்னரைத் தளர்த்துவது. 2800-ல் கட்ட வேண்டியதை 3100-க்கு விடுவார்கள். நான் அந்த வேலை செய்வதில்லை. வால்வு ஸ்பிரிங் திரும்பி வர நேரமில்லாமல் வால்வு பிஸ்டனைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கத்து ஷெட்டில் தட்டில் வைத்திருந்த பாகங்களாகப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஆக்சில். அதே டாடா வீட்டுக்குள் 6-க்கு 37 என்று ஒரு கிரௌன் செட் உண்டு, 6.17. பிறகு 7-க்கு 41, அது 5.86. கிரௌன் அதே 41 பல். பினியனில்தான் ஒரு பல் கூடுதல். இந்த ஒரு பல் செய்யும் வேலை வண்டியின் குணத்தையே மாற்றிவிடும். ஆறிலிருந்து ஏழு என்றால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு கூடும். 2400 சுற்றில் 67 போன வண்டி இப்போது கிட்டத்தட்ட 79 போகும். முன்னே 2800-ல் கதறிக்கொண்டு தொட்ட அதே வேகம் இது. அதே சமயம் சக்கரத்தில் இழுவை ஏழில் ஒரு பங்கு குறையும். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லும்போது ஓனர்கள் பெரும்பாலும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த செட் உள்ளே இருக்கிறது என்று பார்க்க ஆக்சிலைப் பிரிக்க வேண்டியதில்லை. பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, மற்றப் பக்கம் தரையில் நிற்க, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். தூக்கிய சக்கரத்திலும் புரோப்பெல்லர் சாஃப்ட்டிலும் சாக்பீஸ் கோடு. சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று உருட்டினால் சாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. ஆறுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் ஏழு பல், ஏழுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் ஆறு பல். ஏன் இரண்டு சுற்று என்று வேலை கற்க வரும் பையன்களை எல்லாம் கேட்பேன். ஒரு சக்கரம் நின்று மற்றது மட்டும் சுற்றும்போது கிரௌன் அதில் பாதிதான் சுற்றும் என்று சொல்கிறவனை ஆக்சில் வேலைக்கு எடுத்துக்கொள்வேன். மற்றவனுக்குக் கிரீஸ் துப்பாக்கி.

மாற்றும்போது கிரௌனையும் பினியனையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று உரசவிட்டுப் பதம் பார்த்துத்தான் கம்பெனியில் ஜோடி சேர்த்து எண் குத்துகிறார்கள். வேறு வேறு வண்டியிலிருந்து எடுத்ததைக் கலந்தால் எவ்வளவு ஷிம் போட்டாலும் சத்தம் அடங்காது. பல்லில் சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, கடி எந்த இடத்தில் விழுகிறது என்று கவனித்து, பினியனை உள்ளே தள்ளுவதா வெளியே இழுப்பதா என்று முடிவு செய்து, பல்லுக்குப் பல் கால் மில்லிமீட்டருக்குள் விளையாட்டு விட்டு மூடுவதற்கு ஒரு பகல் முழுக்கப் போகும். அவசரப்படுகிறவர் வேறு ஷெட் பார்த்துக்கொள்ளலாம்.

இனி மேடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று வழியெல்லாம் ஏற்றம்தான். ஆறு பல் வண்டி லேசான மேட்டில் டாப்பிலேயே முக்கிக்கொண்டு 55-ல் ஏறிவிடும். ஏழு பல் வண்டிக்கு அதே மேட்டில் டாப் தாங்காது, நாலாவதுக்கு இறங்க வேண்டும். அந்தப் பழைய ஐந்து கியர் பெட்டியில் நாலாவதுக்கும் டாப்புக்கும் நடுவே உள்ள படி ரொம்ப உயரம், ஒன்றரை மடங்குக்கு மேல். நாலாவதில் 2400 சுற்றுக்கு வண்டி 51-ல்தான் ஓடும். சமதளத்தில் பத்துக் கிலோமீட்டர் கூடுதலாக ஓடிச் சம்பாதித்ததை மேட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பெங்களூருக்கு மட்டும் லோடு அடிக்கிற ஒரு ஓனர் ஏழு பல் கேட்டபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். வேலையைத் தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்தார். அதே மாதம் தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஓடுகிறவருக்குச் செய்து கொடுத்தேன். மதுரைக்குக் கீழே அந்த ரோடு விரித்த பாய். அந்த வண்டிக்கு அது பொருந்தியது.

அப்படியானால் இன்னும் உயரமான செட்டைத் தேடிப் போட்டு 100-ல் ஓட்டலாமே என்றும் கேட்டிருக்கிறார்கள். முடியாது, ஏனென்றால் காற்று விடாது. தார்ப்பாய் கட்டிய லாரி ரோட்டில் நகரும் ஒரு சுவர். வேகம் 60-லிருந்து 80-க்குப் போனால் காற்றைத் தள்ள மட்டுமே இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். 16 டன் வண்டி 80-ல் சமதளத்தில் ஓட, காற்றுக்கும் டயர் உருள்வதற்கும் சேர்த்துச் சக்கரத்தில் நூறு குதிரைத்திறன் அளவுக்குத் தேவைப்படும். எஞ்சினில் இருப்பதே 130, அதில் கொஞ்சம் கியரிலும் ஆக்சிலிலும் சூடாகப் போய்விடும். பிறகு எங்கிருந்து எடுப்பது? பல்லைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் டாப்பில் போவதைவிட நாலாவதில் வேகமாகப் போகும் வண்டி கிடைக்கும். போதாததற்குச் சட்டமும் சரக்கு வண்டிக்கு நான்கு வழிச் சாலையில் 80-ஐத்தான் உச்சமாக வைத்திருக்கிறது. நம்மூர் கேஸ் டேங்கர்களில் 2015 அக்டோபருக்குப் பிறகு வந்தவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியே 60-ல் நிறுத்திவிடும்.

ஏழு பல்லின் உண்மையான லாபம் வேகத்தில் இல்லை. 60-ல் ஓட ஆறு பல் வண்டிக்கு 2130 சுற்று வேண்டும், ஏழு பல்லுக்கு 1830 போதும். டீசல் எஞ்சின் குறைந்த சுற்றில் நிறைய மிதித்து ஓடும்போதுதான் சிக்கனமாக எரிக்கும். வேகத்துக்காக மாற்றியவர்களில் நிதானமாக ஓட்டியவர்கள் டீசல் மிச்சம் பார்த்தார்கள், பறந்தவர்கள் பார்க்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்பீடோ கேபிள் கியர்பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. ஆக்சிலில் என்ன பல் இருக்கிறது, என்ன டயர் மாட்டியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஏழு பல் மாட்டிய வண்டி உண்மையில் 70-ல் போகும்போது மீட்டர் 60 என்றே காட்டும். ஓடிய கிலோமீட்டரையும் ஏழில் ஒரு பங்கு குறைத்தே எழுதும். லிட்டருக்கு 4 கொடுத்த வண்டி 4.4 கொடுக்க ஆரம்பித்தாலும் மீட்டரை வைத்துக் கணக்குப் போட்டால் 3.8 என்று வரும். டிரைவர் டீசலைத் திருடுகிறார் என்று ஒரு ஓனர் அவரை ஷெட்டு வாசலிலேயே நிறுத்திக் கத்தினார். நான் இருவரையும் வண்டியில் ஏற்றிக் கரூர் ரோட்டில் கூட்டிப்போனேன். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல் ஒன்றைத் தாண்டும்போது கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். மீட்டர் முள் 60-ல் அசையாமல் நின்றது. அடுத்த கல் 51 விநாடியில் வந்தது. உண்மையில் 60 என்றால் 60 விநாடி ஆகியிருக்க வேண்டும். ஓனர் இன்னும் இரண்டு கல் பார்த்தார். டிரைவரிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். இப்போது போனிலேயே வேகம் தெரிகிறது, எனக்கு அந்த வேலை மிச்சம்.

இறக்கத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவேன். தருமபுரியிலிருந்து சேலம் வரும்போது தொப்பூர் இறக்கத்தில் எத்தனை வண்டி போயிருக்கிறது என்று இந்தப் பக்கத்து டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இழுவை குறைந்தது போலவே எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலமும் ஏழு பல்லில் குறையும். முன்பு நாலாவதில் இறங்கிய இடத்தில் இப்போது மூன்றாவதில் இறங்க வேண்டும், அதுவும் மேலேயே போட்டுக்கொண்டு. பாதி இறக்கத்தில் கியரைத் தேடினால் கிடைக்காது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் உள்ளவருக்கு நான் ஏழு பல் போட்டுக் கொடுப்பதில்லை. அதை டிரைவரிடம் நேராகவே கேட்டுவிடுவேன். "இறக்கத்துல எப்படிங்க தம்பி இறங்குவீங்க?" பதில் சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

இப்போது வருகிற வண்டிகளில் ஆறு கியர், ஒன்பது கியர், ஓவர்டிரைவ் எல்லாம் கம்பெனியே கொடுக்கிறது. மேட்டுக்கு இழுவையும் சமதளத்துக்கு வேகமும் ஒரே பெட்டிக்குள் கிடைக்கும்போது பல்லை எண்ண வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. என்னிடம் மிச்சமிருப்பது பழைய வண்டிகள்தான். அவையும் நெடுஞ்சாலையை விட்டு ஒவ்வொன்றாகக் கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. தூத்துக்குடிக்கு ஓடிய அந்த வண்டியை ஒரு குவாரிக்காரர் வாங்கி டிப்பர் கட்டினார். பள்ளத்திலிருந்து லோடோடு ஏறும்போது ஃபர்ஸ்ட் கியரிலேயே திணறுகிறது, கிளட்ச் தீய்ந்த வாடை வருகிறது என்று கொண்டுவந்தார். கிளட்ச் பிளேட்டையும் கையோடு வாங்கி வந்திருந்தார். நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். ஆறு பல் செட் ஒன்று கைவசம் இருந்தது. பழைய ஏழை எடுத்துக்கொண்டு மேலே எவ்வளவு என்று கேட்டார். பேசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கிளட்ச் பிளேட்டைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லையாம்.